துரை எங்கே உட்கார்ந்திருந்தார்?

போன வாரம் ஜொகூர் பாருவில் என் மகனுடைய காரை ஒரு லாரி இடித்துவிட்டது. ஆளுக்கு ஒன்றும் இல்லை, கதவு மட்டும் உள்ளே போய்விட்டது. இன்சூரன்ஸ்காரர்கள் பூர்த்தி செய்ய ஒரு பாரம் கொடுத்திருந்தார்கள். அதில் பாதிப் பக்கத்துக்கு ஒரு வெற்றுக் கட்டம். விபத்து எப்படி நடந்தது என்று அதற்குள் படம் போட வேண்டுமாம். பையன் கைக்கு அகப்பட்ட சிவப்புப் பென்சிலை எடுத்தான், இரண்டு பெட்டி வரைந்தான், இரண்டு அம்புக்குறி போட்டான், கையெழுத்துப் போட்டான். முடிந்தது.

"ஒண்ணும் எழுத வேணாமாடா?" என்று கேட்டேன்.

"எதுக்குப்பா எழுதணும்? அதான் படம் போட்டாச்சு லா."

எனக்கு வயிறு எரிந்தது. இரண்டு பெட்டி, இரண்டு அம்பு! இதே சமாசாரத்தை நான் இருபத்திரண்டு வயதில் இங்கிலீஷில் எழுதப் பட்ட பாடு இருக்கிறதே, அதை வீட்டில் யாரும் காது கொடுத்துக் கேட்பதில்லை. நீங்களாவது கேளுங்கள்.

ரப்பர் விலை படுத்துக்கொண்ட வருடங்கள் அவை. லாயாங் லாயாங் ரயில் ஸ்டேஷனிலிருந்து நாலு மைல் உள்ளே ஒரு தோட்டத்தில் நான் சின்னக் கிராணி. கிராணி என்றால் குமாஸ்தா. சின்னக் கிராணி என்றால், பெரிய கிராணிக்குச் செய்யப் பிடிக்காத வேலைகளையெல்லாம் செய்கிற குமாஸ்தா. மிஷன் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்பு வரை இங்கிலீஷ் படித்தவன் என்று எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. சட்டைப் பையில் இரண்டு பேனா செருகிக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். முதல் மாதத்திலேயே அந்தக் கனத்தை இறக்கிவைத்தவர் எங்கள் துரை.

துரை என்றால் மேனேஜர், வெள்ளைக்காரர். கதவு நிலையில் குனிந்து நுழைகிற உயரம். முட்டி வரை கால்சட்டை, அதன் பையில் எப்போதும் கூராகச் சீவிய ஒரு சிவப்புப் பென்சில். நாங்கள் எழுதுகிற எந்த இங்கிலீஷ் கடிதமும் முதலில் நகலாக, வரிக்கு வரி இடம் விட்டு, அவர் மேசைக்குப் போக வேண்டும். அவர் சிவப்பில் திருத்தித் தருவார். அதை அப்படியே டைப் அடித்து வைத்தால் கையெழுத்துப் போடுவார். டைப் அடித்ததை அவர் படித்து நான் பார்த்ததில்லை. தான் ஒருமுறை திருத்தியதில் பிழை இருக்கக்கூடும் என்று நினைப்பதே அவருக்குக் கேவலம்.

எழுத்துப் பிழையைக்கூட மன்னித்துவிடுவார். ஒரு பொருள் எங்கே இருக்கிறது என்று சொல்கிற வார்த்தையில் தப்பு வந்தால் தொலைந்தோம். இன், ஆன், அட், அண்டர், அபவ், பிஹைண்ட், பிசைட்... எத்தனை சனியன்கள்! நமக்கு இந்தக் கவலை உண்டா? ரோட்டில், வண்டியில், ஸ்டேஷனில், மேசையில் என்று ஒரே ஒரு 'இல்' போட்டுக் காலத்தை ஓட்டிவிடுகிறோம். மேசையில் புத்தகம் இருக்கிறது என்றாலும் சரி, மேசையில் கரையான் இருக்கிறது என்றாலும் சரி, கேட்கிறவனுக்குப் புரிந்துவிடுகிறது. கரையான் உள்ளே இருக்கும், புத்தகம் மேலே இருக்கும் என்று அவனுக்குத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. இங்கிலீஷ்காரனுக்குச் சொல்லித்தர வேண்டும்.

நான் வேலைக்குச் சேர்ந்த பத்தாம் நாள் துரை தொப்பியை ஆபீசில் மறந்துவிட்டுப் பங்களாவுக்குப் போய்விட்டார். தொப்பி மேசை மேல் பத்திரமாக இருக்கிறது என்று இங்கிலீஷில் ஒரு சீட்டு எழுதி அனுப்பினேன். 'மேல்' என்பதற்கு எனக்குத் தெரிந்ததிலேயே கௌரவமான வார்த்தை 'அபவ்'. அதைப் போட்டேன். துரை சீட்டோடு நேரே ஆபீசுக்கு வந்தார். தொப்பியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மேசைக்கு நேர் மேலே கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"கிராணி, கயிறு எங்கே?"

"என்ன கயிறுங்க தொரை?"

"தொப்பி மேசைக்கு மேலே தொங்குது. நீ எழுதினே. கயிறு எங்கே?"

தோட்டத்துத் துரைமார் தமிழ்ப் பரீட்சை எழுதித் தேற வேண்டும் என்று ஒரு விதி இருந்தது. அந்தப் பாடப்புத்தகத்தில் மரியாதைக்கு மட்டும் பக்கம் ஒதுக்கவில்லை போலிருக்கிறது. கிழவனானாலும் கிராணியானாலும் 'நீ', 'வா', 'போ'தான். அன்று சாயங்காலத்துக்குள், தோட்டத்து ஆட்கள் குடியிருந்த லயம் முழுக்க எனக்குக் 'கயிறு கிராணி' என்று பெயர் விழுந்துவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயரைக் கூப்பிட அதற்கப்புறம் அங்கே ஆளே இல்லை.

சரி, விபத்துக்கு வருகிறேன்.

வாரம் ஒருமுறை ஸ்டேஷனுக்கு அரிசி வரும். தோட்டத்து மாட்டுவண்டி போய் ஏற்றிக்கொண்டு வரும். வண்டிக்காரர் சின்னச்சாமி, முப்பது வயது, ஒடிசலான ஆள். மனிதர்களிடம் பேசக் கூச்சப்படுவார். மாடுகளிடம் வாய் ஓயாது பேசுவார். மூட்டைகளைச் சரிபார்க்க நானும் கூடப் போவேன். ஸ்டேஷனில் மட்டும்தான் எனக்கு வேலை. வரும்போது மூட்டைகள் மேல் நீட்டிப் படுத்துவிடுவேன். சாக்கும் தவிடும் கலந்த ஒரு வாசனை வரும் பாருங்கள், அதைப்போல ஒரு தூக்க மருந்தை எந்த டாக்டரும் எனக்குக் கொடுத்ததில்லை. இப்போதும் அரிசிக் கடைக்குள் நுழைந்தால் எனக்குக் கொட்டாவி வந்துவிடும். கடைக்காரச் சீனர், கடையைப் பார்த்தாலே உனக்கு அலுப்பா என்று கோபித்துக்கொள்கிறார்.

அன்று காலை பத்து மணி இருக்கும். தோட்டத்துச் செம்மண் ரோட்டில் பலா மரத்து வளைவு. 'டமால்' என்றது. நான் பறந்தேன். கண்ணைத் திறந்தால் கொட்டிக் கிடக்கிற அரிசிக்குள் கிடக்கிறேன். வண்டியில் ஒரு சக்கரம் உடைந்திருந்தது. துரையின் புது மோட்டார்க்கார் மூக்கை வாய்க்காலுக்குள் விட்டுக்கொண்டு நின்றது. பின் சீட்டிலிருந்து டிரைவர் ஹாஷிம் இறங்கி, தலையில் கை வைத்துக்கொண்டு "அலமாக்! அலமாக்!" என்று காரைச் சுற்றி வந்தார். முன் சீட்டில் ஸ்டீரிங்கை இறுகப் பிடித்தபடி துரை. இரண்டு மாடுகளும் எங்களுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று ஓரத்துப் புல்லை மேய்ந்துகொண்டிருந்தன.

விஷயம் இதுதான். கார் கம்பெனியுடையது. டிரைவர்தான் ஓட்ட வேண்டும் என்பது சிங்கப்பூர் ஹெட் ஆபீசின் கட்டளை. துரைக்கோ தானே ஓட்ட வேண்டும் என்று கொள்ளை ஆசை. ஹாஷிமைப் பின்னால் உட்கார வைத்துவிட்டு ரகசியமாகப் பழகிக்கொண்டிருந்தார்.

வாய்க்காலிலிருந்து சகதி சொட்டச் சொட்ட ஏறி வந்தவர், சின்னச்சாமியைப் பார்த்துக் கத்தினார். "நீ நடு ரோட்டிலே வண்டி விட்டே. நீ காலி!"

அந்தக் காலத்தில் அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம் என்று இப்போது இருப்பவர்களுக்குத் தெரியாது. விலை விழுந்ததால் தோட்டத்துக்குத் தோட்டம் ஆட்களைக் குறைத்து, குடும்பம் குடும்பமாகக் கப்பலேற்றி நாகப்பட்டினத்துக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். யாரை அனுப்பலாம் என்று துரைமார் காரணம் தேடிக்கொண்டிருந்த நேரம். விபத்தைப் பற்றி ஹெட் ஆபீசுக்கு ரிப்போர்ட் போயாக வேண்டும். 'மாட்டுவண்டி நடு ரோட்டில் வந்தது' என்று அதில் ஒரு வரி இருந்தால் போதும், சின்னச்சாமிக்குக் கப்பல்தான்.

அன்று மத்தியானம் அவர் தன் சம்சாரம் பாப்பாத்தியோடு ஆபீஸ் வாசலுக்கு வந்தார். அவளுக்கு ஏழு மாதம்.

"நான் ஓரமாத்தாங்க வந்தேன். நீங்கதான் வண்டியில இருந்தீங்களே ஐயா, பாத்தீங்கள்ல?"

நான் என்னத்தைச் சொல்வது? அவருக்கு இருந்த ஒரே சாட்சி நான். அந்தச் சாட்சி அரிசி மூட்டை மேல் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

பாப்பாத்தி அழவில்லை. கோபமாகத்தான் கேட்டாள். "நான் பொறந்ததே இந்த லயத்துலதாங்க. அந்தச் சீமையை நான் கண்ணால பாத்ததில்ல. இவருக்கும் அங்க ஒருத்தரும் இல்ல. எங்களைக் கொண்டுபோயி எங்கன்னு எறக்கி விடுவாங்க?"

அவர்கள் போனதும் நான் பெரிய கிராணியிடம் ஓடினேன். யாழ்ப்பாணத்துக்காரர், யாரையும் 'ஐசே' என்றுதான் கூப்பிடுவார். நெற்றி நிறைய விபூதி, கையில் எப்போதும் குடை. நல்ல மனிதர், ஆனால் துரையின் பூட்ஸ் சத்தம் கேட்டாலே அவருக்கு வியர்த்துவிடும்.

"இஞ்சை பாரும் ஐசே," என்று ஒரு ரூல்தடியை எடுத்து மேசையில் வைத்தார். "இது ரோட்டு. இந்த மைக்கூடு மாட்டுவண்டி. இந்த ரப்பர் ஸ்டாம்பு துரை. இப்ப, மைக்கூடு எங்கை நிண்டது?"

"தெரியாதுங்க. தூங்கிட்டேன்."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "அப்ப வாரும், போய்ப் பாப்பம்."

குடை பிடித்துக்கொண்டு இருவரும் வளைவுக்கு நடந்தோம். மழை பெய்திருக்கவில்லை. செம்மண்ணில் எல்லாம் அச்சுப் போட்டாற்போல் இருந்தது. மாட்டுவண்டித் தடம் இடது ஓரத்தில், வாய்க்காலை உரசிக்கொண்டு, பலா மரத்துக்கு அடியில் வந்து நின்றிருந்தது. காரின் தடம் வளைவில் எதிர்ப்பக்கத்திலிருந்து குறுக்கே பாய்ந்து, நேரே அந்த ஓரத்துக்கே வந்திருந்தது. சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரியும்.

பெரிய கிராணி குடையை மடக்கினார். "ஐசே, நான் இஞ்சை வரேல்லை. விளங்கிச்சுதோ? எனக்கு ரெண்டு பொம்பிளைப் பிள்ளையள் இருக்கினம். நான் இஞ்சை வரவே இல்லை."

அவர் நின்ற இடத்தில் அவருடைய செருப்புத் தடமும் குடைக்காம்பு குத்திய குழியும் அழகாகப் பதிந்திருந்தன. வரவே இல்லையாம்!

மறுநாள் காலை துரை என்னைக் கூப்பிட்டார். "கிராணி, நீ வண்டியிலே இருந்தே. நீ ரிப்போர்ட் எழுது. நான் திருத்துறேன்."

இந்தக் கதையைப் பிற்காலத்தில் லயத்தில் சொல்லும்போது, "நம்ம கயிறு கிராணி தொரையையே மடக்கிட்டாருல்ல" என்பார்கள். நானும் மறுக்காமல் மீசையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். உங்களிடம் மட்டும் உண்மையைச் சொல்கிறேன். நான் ஒருவரையும் மடக்கவில்லை. பயந்து போய்ப் பொய்தான் எழுதினேன். தடத்தைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்தவன், பாப்பாத்தி கேட்ட கேள்வி காதில் இருக்கும்போதே, வண்டி நடு ரோட்டில் வந்தது என்று எழுதினேன். துரை பின் சீட்டில் உட்கார்ந்திருந்தார், ஹாஷிம் முன்னால் உட்கார்ந்து ஓட்டினார் என்று, யாரும் கேட்காத ஒரு பொய்யையும் நானாகச் சேர்த்தேன். துரைக்கு உபகாரமாக இருக்கட்டுமே என்று. எழுதும்போது எனக்கே என்மேல் அருவருப்பாக இருந்தது.

ஆனால் பொய்யைச் சுத்தமாகச் சொல்ல நல்ல இங்கிலீஷ் வேண்டும். இட வார்த்தைகள் எல்லாம் இடம் மாறின. பார்த்துவிட்டு வந்த தடம் வேறு நடு நடுவே உள்ளே புகுந்துகொண்டது. அரைமணி நேரம் கழித்து, வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு நகலைத் துரை முன்னால் வைத்தேன்.

முதல் வரியிலேயே பென்சில் நின்றது.

"நான் காருக்குப் பின்னாலே உட்கார்ந்தேன். நீ எழுதியிருக்கே. எதிலே உட்கார்ந்தேன்? ரோட்டிலே நாற்காலி போட்டா?"

"இல்லீங்க தொரை. காருக்குள்ளதாங்க."

"காருக்குள்ளே எங்கே?"

பின் சீட்டு என்று சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அவரே முந்திக்கொண்டார்.

"முன்னாலே! முன் சீட்டிலே! ஸ்டீரிங் என் கையிலே! எழுது!" என்றவர், எனக்குக் கொடுக்காமல் தானே சிவப்பில் எழுதினார். "ஹாஷிம் காருக்கு முன்னாலேன்னு எழுதியிருக்கே. கார் முன்னாலே ஹாஷிம் நின்னா ஹாஷிம் செத்துப் போவான். ஹாஷிம் எங்கே?"

"பின் சீட்டுலங்க."

"ஹா!" சிவப்பில் எழுதினார். "இப்போ வண்டி. நடு ரோட்டிலே. சரி. பலா மரத்துக்கு அடியிலே, வாய்க்கால் பக்கத்திலே. முட்டாள்! நடு ரோட்டிலே மரம் இருக்கா? நடு ரோட்டிலே வாய்க்கால் ஓடுதா? ஒரு வண்டி ரெண்டு இடத்திலே எப்படி நிக்கும்?"

மனிதருக்குச் சூடு பிடித்துவிட்டது. ஸ்கேலை எடுத்து ரோடு என்றார். மைக்கூட்டைச் சரியாக ஓரத்தில் வைத்து வண்டி என்றார். தீப்பெட்டியைக் கையில் எடுத்து, வாயாலேயே 'டுர்ர்ர்' என்று ஓட்டிக்கொண்டு வந்தார். வளைவில் தீப்பெட்டி எதிர்ப்பக்கத்திலிருந்து குறுக்கே வந்து மைக்கூட்டின் மேல் மோதியது. மை கொட்டியது. அவர் லட்சியம் பண்ணவில்லை. 'நடு ரோட்டில்' என்பதை இரண்டு கோடு போட்டு அடித்துவிட்டு, 'இடது ஓரத்தில், மரத்துக்கு அடியில், வாய்க்காலை ஒட்டி' என்று மூன்றையும் மூன்று சரியான இங்கிலீஷ் வார்த்தைகளில் எழுதினார். கார் எங்கிருந்து எங்கே வந்தது என்பதையும் எழுதினார். ஒவ்வொரு வார்த்தைக்கும் எனக்கு விளக்கம் வேறு. காகிதத்தைத் தூரத்தில் பிடித்துத் தன் சிவப்பு எழுத்தை ரசித்தார்.

"இப்போ பாரு. எல்லாம் சுத்தம். போ, டைப் அடி."

ஒவ்வொரு வார்த்தையாகத் திருத்தினாரே ஒழிய, மொத்தமாக அது என்ன சொல்கிறது என்று பார்க்கவில்லை.

நான் டைப் மிஷின் முன்னால் உட்கார்ந்தேன். பெரிய கிராணி பின்னால் வந்து நின்று படித்தார். அவர் மூச்சு என் கழுத்தில் பட்டது.

"ஐசே, இதை அடிச்சா எங்கள் ரெண்டு பேருக்கும் கப்பல்தான்."

"அவரே திருத்துனதுங்க."

"அவர் யோசிக்காமல் திருத்திப்போட்டார். நீர் நடு ரோட்டெண்டே மாத்தி அடியும். அவர் படிக்கப் போறேல்லை."

அவர் சொன்னது சரிதான். இப்போது மாற்றினாலும் துரைக்குத் தெரியாது. சின்னச்சாமியை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ள என் ஒரு விரல் போதும். அது எனக்குப் பிடிக்கவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். பாப்பாத்தி ஆபீஸ் படியில் முதுகைச் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சிவப்பில் இருந்ததை இருந்தபடியே அடித்தேன். நான் செய்த தைரியம் அவ்வளவுதான். துரை சீட்டியடித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். மத்தியான ரயிலில் ரிப்போர்ட் சிங்கப்பூருக்குப் போய்விட்டது.

பத்து நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. பெரிய கிராணி என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டார். பதினோராம் நாள் பதில் வந்தது. வண்டிக்காரன்மேல் குற்றமில்லை, அவனை வேலையிலிருந்து நீக்கக்கூடாது. மேனேஜர் இனிமேல் பின் சீட்டில் மட்டுமே உட்கார வேண்டும்.

துரை என்னைக் கூப்பிட்டார். ஒரு கையில் அந்தக் கடிதம், மறு கையில் பைலில் இருந்த, சிவப்பில் திருத்திய நகல். முகம் அவருடைய பென்சில் நிறத்தில் இருந்தது.

"கிராணி. இது யார் எழுத்து?"

"தொரை எழுத்துங்க."

மேலிருந்து கீழே விரலை வைத்து வரி வரியாகப் படித்தார். எங்கேயாவது ஒரு தப்பு அகப்பட்டால் என்னைத் தொலைத்திருப்பார். அகப்படவில்லை. கடைசியில் நகலை மேசையில் வைத்துவிட்டு, சத்தமில்லாமல் சொன்னார்.

"எல்லாம் அது அது இருக்கிற இடத்திலே இருக்கு. நீ போ."

அவர் நினைத்திருந்தால் வேறு காரணம் காட்டி எங்கள் எல்லோரையுமே கப்பலேற்றியிருக்கலாம். செய்யவில்லை. தன் கையால் சரி என்று போட்டதைத் தவறு என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை. அந்த மனிதரைக் கண்டால் எனக்கு ஆகாது. அன்று மட்டும் மனதுக்குள் ஒரு கும்பிடு போட்டேன்.

சின்னச்சாமி எனக்கு ஒரு பலாப்பழம் கொண்டுவந்து கொடுத்தார். அதே வளைவு மரத்துப் பழம். தோட்டத்து மரம், தோட்டத்துப் பழம், தோட்டத்துக் கிராணிக்கு லஞ்சம்! வாங்கிக்கொண்டேன். அதற்குப் பிறகு அவர் ஓரமாக ஓட்டுகிறேன் பேர்வழி என்று இரண்டு தடவை வண்டியை வாய்க்காலிலேயே இறக்கினார். துரை பின் சீட்டிலிருந்து ஹாஷிமின் தோளைத் தட்டித் தட்டிக் கார் ஓட்டினார். பாப்பாத்திக்குப் பெண் குழந்தை பிறந்தது. "இங்கயே பொறந்துட்டா ஐயா," என்று சின்னச்சாமி ஆபீசுக்கே ஓடி வந்து சொன்னார். அவர் அவ்வளவு சத்தமாகப் பேசி அன்றுதான் கேட்டேன்.

பத்து வருடம் கழித்து ஜப்பான்காரன் வந்தான். ஹாஷிமைக்கூட ஏற்றிக்கொள்ளாமல், துரை தானே காரை ஓட்டிக்கொண்டு சிங்கப்பூர்ப் பக்கம் போனார். அப்புறம் அவரைப் பற்றித் தகவல் இல்லை. சண்டை முடிந்ததும் பெரிய கிராணி மகள்களோடு யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தார். சின்னச்சாமியைச் சண்டைக் காலத்திலேயே ஜப்பான்காரர்கள் சயாமில் ரயில் பாதை போட என்று லாரியில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். தோட்டத்திலிருந்து போனவர்களில் சிலர் திரும்பினார்கள். அவர் திரும்பவில்லை.

அவர் கப்பலேறியிருந்தால் நாகப்பட்டினம் பக்கம் எங்கேயாவது பேரன் பேத்தியோடு இருந்திருப்பாரே என்று எனக்குத் தோன்றாத நாள் இல்லை. நாம்தானே அவரை இங்கே நிறுத்தினோம் என்று ஒருநாள் பாப்பாத்தியிடமே சொல்லி அழுதுவிட்டேன். அவள் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

காணாமல் போனவர்களைப் பற்றி எழுதிக் கொடுக்கச் சொல்லிச் சர்க்காரிலிருந்து ஒரு பாரம் வந்தது. பாப்பாத்தி மகளையும் கூட்டிக்கொண்டு என்னிடம் வந்தாள். ஆள் இருக்கும் இடம் என்று அதில் ஒரு கோடு. திரும்பி வந்தவர்களில் ஒருவர், ஆற்றங்கரைக் கொட்டகைக்குப் பின்னால் புதைத்தார்கள் என்றார். இன்னொருவர், நடக்க முடியாமல் பாதையோரமாக உட்கார்ந்துவிட்டார், அப்படியே விட்டுவிட்டு வந்தோம் என்றார். மூன்றாமவர் தெரியாது என்றார். அந்த வயதில் எனக்கு இட வார்த்தைகள் எல்லாம் நன்றாகவே எழுத வரும். எதை எழுதுவது?

"என்னம்மா எழுதட்டும்?" என்று அவளையே கேட்டேன்.

"நம்ம தோட்டம்னே எழுதுங்க ஐயா. இங்கதான இருக்கணும்னு நின்னாரு."

அப்படியே எழுதிக் கொடுத்தேன். பிறகு அந்தத் தோட்டத்தைத் துண்டு துண்டாக விற்றார்கள். லயங்களை இடித்துவிட்டு, ரப்பருக்குப் பதில் எண்ணெய்க்காகச் செம்பனை நட்டார்கள். பலா மரத்தை வெட்டி, வளைவை நேராக்கி, ரோட்டை வேறு பக்கம் கொண்டுபோய்விட்டார்கள். சின்னச்சாமி இருக்கிறார் என்று நான் எழுதிக் கொடுத்த இடத்தை இன்றைக்கு அவர் மகள் வந்து கேட்டால், எனக்குக் காட்டத் தெரியாது.